ஒரே லைன்தாங்க

நெய்வேலி நகரியத்தில் எத்தனை வகைப் பாம்பு உண்டு, எந்த பிளாக் பலாவில் சுளை பெரிது என்று விரல் விட்டுச் சொல்லும் ஆட்கள் ஏராளம். ஆனால் பிளாக்குக்கு ஒருவர் வீதம் நடமாடிக்கொண்டிருக்கும் கறுப்புத்திரைக்காரர் என்ற இனத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் நாலு வரி எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காரணம், எங்கள் பிளாக்கின் கறுப்புத்திரைக்காரர் எனக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால் முருகன் வருவார், அல்லது பேரக்குழந்தை பல் இல்லாமல் சிரிக்கும். இவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் கன்னங்கரேல் என்று ஒரு திரை வரும். அதில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும், கீழே ஒரு சின்னக் கோடு நின்று கண் சிமிட்டும், அவரும் அதைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். மவுஸ் என்ற பொருளை அவர் வீட்டில் பார்க்க முடியாது. அதன் வாலாலேயே அதைச் சுற்றிக் கட்டி, எரியாத டார்ச் லைட்டோடும் உதவாத ரிமோட்டோடும் மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். மவுஸ் பிடிக்கிறவர்களை அவர் "கிளிக் பண்றவங்க" என்பார். கல்யாணப் பந்தியில் இலையை மடிக்கத் தெரியாதவர்களை நாம் சொல்வோமே, அதே குரலில்.

எல்லாமே கமாண்ட் லைன். அதாவது, எதைச் செய்ய வேண்டுமானாலும் அந்தக் கறுப்புத் திரையில் கட்டளையாக டைப் அடிக்க வேண்டும். மனதுக்குள் அடித்தால் போதாது, வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். "மைனஸ் சி... ஸ்பேஸ்... மைனஸ் மைனஸ்... ஸ்பேஸ் விட்டேனா? விட்டேன்..." ஜன்னல் வழியாகக் கேட்டால் யாரோ மனக்கணக்குப் போட்டுத் தோற்றுக்கொண்டிருப்பது போல இருக்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்.

"ஒரே லைன்தாங்க."

அந்த ஒரே லைனுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அவர் பெயர் இளவழகன். அனல்மின் நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நல்ல மனிதர், கேட்டவுடன் உதவிக்கு ஓடி வருவார். உண்மையைச் சொன்னால், கேட்காமலும் வருவார். அதுதான் பிரச்சினையே. அவருக்கு உள்ள ஒரே பித்து, டிஸ்க் இமேஜ் எடுப்பது. நீங்களும் நானும் ஒரு போட்டோ பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் அந்த போட்டோவை மட்டும் காப்பி எடுப்போம். அது அவருக்குக் கேவலம். கம்ப்யூட்டரின் வயிற்றில் உள்ள அத்தனையையும், உள்ளது உள்ளபடி, ஒரே மூட்டையாகக் கட்டி இறுக்கிச் சுருக்கி வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு இலவசக் கருவியை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். "ஓப்பன் சோர்ஸுங்க. உலகத்துல யாரு வேணாலும் உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்." இவர் பார்த்தாரா என்று மட்டும் கேட்கக்கூடாது. அதன் உதவிக் குறிப்பை நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார். குவார்ட்டர்ஸ் காலி பண்ணுகிறவர் குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்து லாரியில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அதுதான் டிஸ்க் இமேஜ்.

"காலியா இருக்கிற எடத்தையுமா சேத்து எடுக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காலி எடமும் டேட்டாதாங்க" என்றார்.

அவர் இமேஜ் எடுக்கிற நாளை எங்கள் தெருவே அறியும். அன்று அவர் வீட்டில் மிக்சி ஓடாது. மிக்சி போட்டால் வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினால் நாற்பத்தேழு சதவீதத்தில் நிற்கிற இமேஜ் கெட்டுப்போகும் என்பது அவர் சித்தாந்தம். ஊருக்கெல்லாம் மின்சாரம் தயாரித்து அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தேங்காய்ச் சட்னிக்கு மின்சாரம் போதாது என்று நினைக்கிற மனிதர். அவர் மனைவி திலகவதி என்ன செய்வார்? மோர்மிளகாயை வறுத்துவைத்து, வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். "இன்னிக்கும் தயிர் சோறுதாங்க. இந்த மாசத்துல அஞ்சாவது இமேஜு."

எடுத்து எடுத்து வைக்கிறாரே, ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கிறாரா? நியாயமான கேள்வி. நானும் கேட்டேன்.

"எடுத்த இமேஜை எப்பவாவது தெறந்து பாத்தீங்களா?"

"பத்திரமா எடுத்து வச்சிருக்கேங்க."

"அது சரி. தெறந்து பாத்தீங்களா?"

"எடுத்து வச்சிருக்கேன்னு சொல்றேனேங்க!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சை அதோடு விட்டேன்.

இப்போது அம்சவல்லி அக்காவின் கம்ப்யூட்டருக்கு வருவோம். அம்சவல்லியும் அவர் கணவர் கலியனும் எங்களுக்கு எதிர்க் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் வளையமாதேவி. சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். கலியன் சுரங்கத்தில் பெர்மனென்ட். அவர்கள் மகள் தமிழ்நிலா, டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குத் தவம் கிடக்கிற பெண். போன வருஷம் அவர்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அம்சவல்லி, ஒரு பேச்சுக்கு, கேட் அருகில் நின்று சொன்னார். ஒரு பேச்சுக்குத்தான். இளவழகனின் காது அதைப் பிடித்துக்கொண்டது.

"மொதல்ல இமேஜ் எடுத்துடுவோம்க்கா. அப்புறம் மொத்தமா அழிச்சிட்டு, புதுசா நம்ம இலவச சிஸ்டம் போட்டுடலாம். ஒரே லைன்தான்."

அந்த ஒரே லைனில் அவர் செய்தவை இவை. கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரே மூட்டையாகச் சுருட்டினார். மூட்டையை ஐந்து துண்டாக வெட்டி ஐந்து பென்டிரைவில் ஏற்றினார். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மூட்டை அவிழாது. ஐந்தையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரே ஆபத்தில் ஐந்தும் போகும் அல்லவா? எனவே முதல் எண் அவரிடம், இரண்டாம் எண் என்னிடம், மூன்றாம் எண் எட்டாவது பிளாக்கில் அவரோடு வேலை பார்க்கும் பழனிசாமியிடம், நான்காம் எண் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் தன் மச்சானிடம், ஐந்தாம் எண் அம்சவல்லியிடம். எங்கள் நாலு பேரையும் தனித்தனியே அழைத்து, வெள்ளை டேப்பில் எண் எழுதி ஒட்டி, கையில் கொடுத்து மூடச் சொன்னார். பிரசாதம் வாங்குவது போல வாங்கிக்கொண்டோம். பிறகு அம்சவல்லி வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கினார். அது இப்போது வேகமாகத்தான் ஓடியது. ஓடி என்ன பிரயோசனம்? அதில் ஒன்றுமே இல்லையே.

ஒரு வருஷம் ஒருவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தமிழ்நிலா எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பயிற்சி வேலை ஒன்றுக்கு விண்ணப்பம், அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நிலம் கொடுத்த குடும்பம் என்பதற்கான தாளை ஸ்கேன் செய்து ஏற்றினால்தான் அந்த ஒதுக்கீட்டில் பெயர் வரும். அசல் தாள் கடலூர் வக்கீலிடம், வக்கீல் சென்னையில், அவர் போன் அணைந்துகிடக்கிறது. கலியன் முதல் ஷிப்டில் சுரங்கத்துக்குள். ஸ்கேன் செய்த பிரதி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. இருந்தது.

"ரெண்டு வருஷமா இதுக்குத்தான் அண்ணா காத்துகினு இருக்கேன்" என்றாள்.

அன்று எனக்கு வார ஓய்வு. நான் செய்த தப்பு அதுதான். இளவழகனுக்கும் அன்று ஓய்வு. அவர் வெளியே வந்தபோது பார்க்க வேண்டுமே, எத்தனையோ வருஷமாகப் பயிற்சி எடுத்த தீயணைப்பு வீரருக்கு முதல் தீ கிடைத்தது போல அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதுக்குத்தான்மா இமேஜ்! பயப்படாத. அஞ்சையும் சேத்து, ஒரே லைன்" என்று சொல்லி, தலைக்கு மேல் கையை ஆட்டினார். உள்ளே மிக்சி நின்றது.

ஐந்து துண்டையும் சேர்க்கும் வைபவம் தொடங்கியது. முதல் எண் அவரிடமே இருந்தது, சரி. இரண்டாம் எண் என் பீரோவில். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்தான், சுவருக்கு இந்தப்பக்கம். அதை எடுத்துவர எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். மூன்றாம் எண்ணுக்காக நானும் இளவழகனும் எட்டாவது பிளாக்குக்கு வண்டியில் போனோம். பழனிசாமி அதைத் தன் காரில் செருகி ஆறு மாதமாகப் பாட்டு வரவில்லையே என்று தட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஐந்தாம் எண்ணை அம்சவல்லி எதிர்வீட்டிலிருந்து பயபக்தியோடு கொண்டுவந்தார். ஆயுத பூஜையன்று மற்ற ஆயுதங்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். தாராளமாக, செருகுகிற வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். காய்ந்துபோன சந்தனத்தைத் திலகவதியின் ஹேர்பின்னால் நோண்டி எடுக்க இளவழகனுக்கு முக்கால் மணி நேரம்.

"நீதானே தம்பி சாமி மாதிரி பாத்துக்கன்னு சொன்ன?" என்றார் அம்சவல்லி.

நான்காம் எண் நெல்லிக்குப்பத்தில். மச்சான் நெட்டில் அனுப்பலாமே என்று கேட்டேன். இளவழகன் என்னைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நெட்லயா? பாதுகாப்பு வேணாமாங்க?"

பாதுகாப்பாக எப்படி வந்தது தெரியுமா? மச்சான் அதை ஒரு காலி மாத்திரை அட்டைப்பெட்டியில் போட்டு, நெய்வேலி வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். பெட்டி வழியில் நசுங்கிவிட்டதாம். மூன்றரை மணிக்கு டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தன் தோல்பைக்குள் கைவிட்டு அளைந்தார், இரண்டு பத்து ரூபாய் நாணயத்தோடும் ஒரு பொத்தானோடும் அந்தப் பென்டிரைவ் வெளியே வந்தது. அதை வாங்கும்போது இளவழகனின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

நாலு மணிக்கு இளவழகன் வீட்டுக் கூடத்தில் ஐந்தும் சேர்ந்தன. அம்சவல்லி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து நின்றார். தமிழ்நிலா நகத்தைக் கடித்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். இளவழகன் ஸ்பைரல் புத்தகத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்து, விரல்களை நெட்டி முறித்து, வாய் விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். நல்லபடியாக ஒரே லைன்தான் வந்தது. எண்டர் தட்டினார். ஐந்து துண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. எனக்கே மெய் சிலிர்த்தது. மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டேன்.

திரை பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு போட்டிருக்கேங்க" என்று எங்கள் பக்கம் திரும்பி முறுவலித்தார். "இருவத்தி நாலு எழுத்து. நடுவுல நம்பரு, ஆச்சரியக்குறி, எல்லாம் கலந்து. எந்தக் கொம்பனாலயும் ஒடைக்க முடியாது."

"போடுங்க" என்றேன்.

முறுவல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அவ்ளோ நீளத்தை ஞாபகம் வச்சுக்க முடியாதுங்களே. எழுதி வச்சிருக்கேன்."

"எடுங்க அங்கிள், மணி ஆவுது" என்றாள் தமிழ்நிலா.

"பேப்பர்ல எழுதுனா யாராச்சும் பாத்துடுவாங்கல்ல? அதனால கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபைல்ல போட்டு, 'முக்கியம்'னு பேரு வச்சு..."

"எந்தக் கம்ப்யூட்டர்ல?"

ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினார். விரல் எதிர்வீட்டுப் பக்கம் போனது, பிறகு தயங்கியது, பிறகு மெல்லத் திரும்பி, மேஜைமேல் வரிசையாகச் செருகியிருந்த ஐந்து பென்டிரைவ்களின் பக்கம் வந்து நின்றது.

"உள்ள" என்றார்.

"எதுக்கு உள்ள?" என்றார் அம்சவல்லி.

"இதுக்கு உள்ளதாங்க்கா. அதையும் சேத்துதான் இமேஜ் எடுத்தேன். ஒண்ணு விடாம எடுத்தேன்க்கா."

திலகவதிதான் முதலில் அசைந்தார். நேராகச் சமையலறைக்குள் போனார். மிக்சியை முழு வேகத்தில் போட்டார். உள்ளே தேங்காய் கூட இல்லை, வெறும் மிக்சி. அது கர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.

தமிழ்நிலா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "செங்குட்டுவன் அண்ணன் கடையில பேர் சொல்லி வச்சிருக்கேன், நான் வரலைன்னு சொல்லிட்டு வந்துடறேன். பாவம், அவரு சிஸ்டத்தை எனக்காக வச்சுகினு இருப்பாரு" என்று கிளம்பினாள். மனசு கேட்காமல் நானும் வண்டியை எடுத்தேன். அம்சவல்லி பின்னால் ஏறிக்கொண்டார்.

செங்குட்டுவன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கறுப்புத்திரைக்காரருக்கு நேர் எதிர் இனம் ஒன்று உண்டென்றால் அது அவர்தான். எதையும் சேமித்து வைக்க மாட்டார். எதையும் அழிக்கவும் மாட்டார், அழிக்க நேரம் ஏது? அவர் கம்ப்யூட்டர் திரையில் மாரியம்மன் படம் இருப்பதாகச் சொல்வார். நாங்கள் பார்த்ததெல்லாம் அம்மனின் மூக்குத்தியைத்தான். மீதி முழுக்க நகரியத்து ஜனங்களின் ஆதார், மார்க் ஷீட், ஜாதகம், கரண்ட் பில், காதுகுத்துப் பத்திரிகை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றின் காலை இன்னொன்று மிதித்து, புதுசு, புதுசு-2, புதுசு புதுசு, கடைசி, உண்மையான கடைசி என்ற பெயர்களோடு.

தமிழ்நிலா விஷயத்தைச் சொன்னாள். அவர் காதில் பேனாவோடு கேட்டார்.

"எந்தத் தாளு? உங்கப்பா ஸ்கேன் பண்ணாரே, அதுவா?"

"ஆமாண்ணே."

"அது இங்கதான எங்கியாச்சும் கெடக்கும்."

மவுஸைப் பிடித்தார். அழுக்கேறிய, ஒரு பக்கம் டேப் சுற்றிய மவுஸ். கிளிக், கிளிக், கிளிக். "அன்னிக்கு மழ பேஞ்சுது... கலியண்ணன் குடையில்லாம நனைஞ்சுகினு வந்தாரு... அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு பயோடேட்டா... அது இது... அதுக்குப் பக்கத்துல..." அம்மனின் இடது காது இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே "கலியண்ணன் நனஞ்சது" என்று ஒரு கோப்பு இருந்தது. இரண்டு முறை தட்டினார். நிலம் கொடுத்த தாள், முத்திரையோடு, கையெழுத்தோடு, கொஞ்சம் கோணலாகத் திரையில் வந்து நின்றது.

அம்சவல்லி கடை வாசலிலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு ஐம்பத்தொன்றுக்கு விண்ணப்பம் ஏறியது. பதிவு எண் போட்ட தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வந்ததும், தமிழ்நிலா அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்த அழுகையை மொத்தமாக அழுது தீர்த்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இளவழகன் நம்மைப் போன்ற சாதாரண மனிதர். அவரோ எங்கள் பின்னாலேயே வண்டியில் வந்துவிட்டார். முன்னால் லேப்டாப் பை, பையின் ஓரத்தில் ஸ்பைரல் புத்தகம். காரியம் முடிந்தது என்று கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தமிழ்நிலாவிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் அவர் கண் செங்குட்டுவனின் திரையில் விழுந்தது. பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க இது! ஊரே இதுல இருக்கே! பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"அப்டின்னா என்னா சார்?" என்றார் செங்குட்டுவன்.

இளவழகன் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே லைன்தாங்க. ஒரு இமேஜ் எடுத்துட்டு, மொத்தமா..."

அதற்குள் கடையில் நின்ற ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். செங்குட்டுவன் தன் சாப்பாட்டு டிபன் கேரியரைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்தார். அம்சவல்லி இளவழகனின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"தம்பி, ஒனக்குக் கோடிப் புண்ணியமா போவும். எங்க வூட்டுக்கு வா, காப்பி போட்டுத் தரேன். அந்த மிஷினை மட்டும் தொட்டுடாத சாமி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் அன்று ராத்திரி சாப்பாடு வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த பென்டிரைவை எடுத்துவர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது என்றேன் அல்லவா? அன்று காலை அவள் பீரோ சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வடலூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். பரவாயில்லை, மாற்றுச் சாவி இருக்கிறது. தொலையக்கூடாது என்று நானே என் கையால், ரொம்பப் பத்திரமான இடத்தில் வைத்திருந்தேன். பீரோவுக்குள், லாக்கரில், அவள் கூறைப்புடவைக்கு அடியில். பிறகு ஸ்குரூடிரைவர், சுத்தியல், ஒரு மணி நேரம். கதவு இன்றைக்கும் சரியாக மூடுவதில்லை, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம்.

அது போகட்டும். உங்கள் வீட்டு பீரோவின் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது? எனக்குச் சொல்ல வேண்டாம். எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பீரோ திறந்திருக்கும்போதே.